வெளியிட்டவர் தெரியவில்லை

வந்து நின்றுவிட்டது. வழக்கம்போலக் கம்ப்யூட்டர் திரைக்கு நடுவில் அந்தக் கேள்விப் பெட்டி, மூலையில் ஒரு மஞ்சள் கேடயத்தை மாட்டிக்கொண்டு. பவுலின் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் கவளத்தைப் பிசைந்திருந்தாள். வரட்டும், வந்தால் என்ன, தினம் மத்தியானம் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து வருகிற விருந்தாளிதானே. இந்தக் கோப்பை வெளியிட்டவர் யாரென்று சரிபார்க்க முடியவில்லை, இதை நிச்சயமாக இயக்க வேண்டுமா. கீழே இரண்டு பொத்தான், இயக்கு, ரத்துசெய். யாரென்று தெரியவில்லையாம்! பரமேஸ்வரன் சார் இதே நாற்காலியில் உட்கார்ந்து டீயாகக் குடித்துக் குடித்து எழுதிய புரோகிராம் இது. அதற்குள்ளே கிடக்கிற குரல் யாருடையது, இவளுடையது. வணக்கம், நான் பவுலின் பேசுறேன், என்று இவள்தான் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பேசிக் கொடுத்தாள். அக்கம்பக்கத்துக் கரைகளில் வள்ளம் வைத்திருக்கிறவன், வலை வைத்திருக்கிறவன், கூலிக்குப் போகிறவன், எல்லோருடைய போனிலும் மத்தியானத்துக்கு மேல் மணியடித்து அந்தக் குரல் கேட்கும். காற்று எப்படி, கடல் எப்படி, போகலாமா கூடாதா. மீனவர் கூட்டமைப்பு ஆபீஸில் அவள் சம்பளம் வாங்குவது இதற்குத்தான். அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்துப் பெற்ற தகப்பன் பேர் தெரியாது என்று தினமும் கேட்கிறதே, இதற்கு என்ன கொழுப்பு இருக்கும். இடது கை மவுஸின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. வாயில் இருந்த சோற்றை முதலில் முழுங்கலாம் என்று நினைத்தாள்.

பழைய சர்வரில் இந்தத் தொல்லை இல்லை. அது பாட்டுக்கு நேரம் வந்தால் தானே எழுந்து, தானே போன் அடித்து, தானே படுத்துக்கொள்ளும். புதுசு வாங்கி வைத்த அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், போன் அடிக்கிற புரோகிராம் மட்டும் மூலையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரிலேயே இருந்துவிட்டது. புதுசு அதைக் கம்பி வழியாகக் கூப்பிட வேண்டும். கூப்பிடப் போன இடத்தில் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது, இது வெளியிலிருந்து வருகிறதே, நம்பலாமா என்று. சந்தேகம் வந்தால் மனிதனைக் கேட்க வேண்டும், நியாயம்தான். ஆனால் ஆளில்லாமல் தானே ஓடட்டும் என்று ஏற்பாடு செய்து வைத்த வேலைக்குள்ளே அது யாரைக் கேட்கும்? கேட்டது. யார் கண்ணுக்கும் தெரியாத ஏதோ ஒரு திரையில் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இயக்கலாமா, இயக்கலாமா என்று அன்று முழுக்க நின்றது. வெளியே பார்த்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பச்சையாகக் காட்டுகிறது. ஒருத்தருக்கும் போன் போகவில்லை. நல்லவேளை அன்றைக்குக் கடல் குளம்போலக் கிடந்தது. அதன் பிறகு அவள் தன் பேரிலேயே உள்ளே நுழைந்து, பெட்டி கண்ணுக்குத் தெரிகிறமாதிரி செய்து, தினமும் இந்த நேரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அழுத்துகிறாள். செயலாளர் தொம்மை அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பொத்தான அமுக்குறதுக்கு ஒரு ஆளாம்மா, நீ வெளி வேலைக்குப் போக வேண்டாமா, அந்தக் கழுதை இனிமே கேக்காதமாதிரி ஒரேயடியாப் பண்ணித் தொலைச்சிரு. பரமேஸ்வரன் சார் மதுரையிலிருந்து போனிலேயே வழி சொன்னார். வேலை தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரி, எது எங்கேயிருந்து வந்தாலும் பார்க்காதே என்று சொல்கிற வரி. சேர்த்துவிட்டால் அப்புறம் வாயே திறக்காது. ரெண்டாவது வழி ஒண்ணு இருக்கும்மா, அதுதான் முறை, அந்த மூலைக் கம்ப்யூட்டரோட பேர மட்டும் நம்பிக்கையான இடம்னு சேர்த்துட்டு மத்த எல்லாத்துக்கும் கேள்வி அப்படியே இருக்கட்டும்னு விடலாம், கொஞ்சம் சுத்து வேலை. தொம்மை அண்ணனுக்குச் சுத்து வேலை எதற்கு. காலையில் அவர் இவள் தலைக்குப் பின்னால் வந்து நின்றபோது பவுலின் அந்த முதல் வரியைத்தான் அடித்து வைத்தாள். சேமிக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து அது இன்னும் கிடக்கிறது.

ஏன் சேமிக்கவில்லை என்று அவளையே கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இந்தப் பெட்டி என்ன நல்லது செய்துவிட்டது? தினமும் ஒரே வாக்கியம். ஆபத்து இருந்தாலும் அதே வாக்கியம், இல்லாவிட்டாலும் அதே வாக்கியம். முதல் நாள் நெஞ்சு திடுக்கென்றது, ஐயோ என்னமோ ஆகிவிட்டது என்று. இரண்டாம் நாள் படித்தாள். அப்புறம் எங்கே படித்தாள், விரல் தானே போய் அழுத்திவிட்டு வருகிறது. நாளைக்கு இதே பெட்டிக்குள் உன் வீடு எரிகிறது என்று எழுதியிருந்தாலும் அழுத்திவிட்டுத்தான் மறு கவளம் பிசைவாள். விரலுக்கு என்ன தெரியும். வீட்டில் புருஷன் சந்தியாகுவும் அப்படித்தான் சாப்பிடுகிறார் இப்போதெல்லாம், தட்டைப் பார்க்காமல், இவளைப் பார்க்காமல், கை மட்டும் போய்ப் போய் வருகிறது. குழம்பில் உப்புப் போடாமல் ஒரு நாள் வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை வரட்டுமே, திட்டட்டுமே. வாயே திறக்கவில்லை, எழுந்து கை கழுவிவிட்டார். மகள் பாளையங்கோட்டை ஹாஸ்டலில். வீட்டில் இரண்டே பேர், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு டிவி. என்ன பெரிய குத்தம் செய்துவிட்டாள்? போன மாதம் எஞ்சின் நின்றுபோய், வள்ளம் அலையில் கிடந்து உருண்டு, விடியக்காலம் வர வேண்டிய மனுஷன் வெயில் ஏறி வந்தார். உதடு வெடித்து, கண் சிவந்து. கரையில் அத்தனை பேர் நிற்க, அவர் தம்பி அருளப்பன் நிற்க, இவள் வாய் சும்மா இருந்ததா. போதும், வயசாயிட்டு உங்களுக்கு, இனிமே கடலு உங்களுக்கு ஆவாது, அருளப்பன் போவட்டும், நீங்க வீட்ல கெடங்க. பயத்தில் வந்த பேச்சு அது. வீட்டுக்குள் வைத்துச் சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. தம்பிக்கு முன்னால் சொன்னதுதான். அருளப்பன் வேறு சிரித்துத் தொலைத்தான். அன்றிலிருந்து இவளோடு பேச்சில்லை. ஆனால் வேடிக்கையைப் பார், அவள் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், தினம் மத்தியானம், வணக்கம், நான் பவுலின் பேசுறேன். அவர் போனும் பட்டியலில் இருக்கிறதே. வீட்டில் முகம் கொடுக்காத மனுஷன் காதில் அங்கே எப்படியும் நம் குரல் விழுகிறது என்று அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. சொன்னால் வெட்கம், ஆனால் இருந்தது. அந்தப் பெட்டியை அழுத்துகிறபோது சில நாள் அதை நினைத்துக்கொண்டே அழுத்துவாள்.

முருங்கைக்கீரையில் ஒரு காம்பு பல்லில் மாட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளிக்கொண்டே, பெட்டி நிற்கட்டும் என்று, ஓரத்தில் இருந்த இன்றைய காற்று விவரத்தைச் சும்மா திறந்தாள். சாதாரணமாகத் திறப்பதே இல்லை. எதற்குத் திறக்க வேண்டும், அதைப் படித்து எந்தக் கரைக்கு எந்தச் செய்தி என்று பிரிப்பதும் சர்வர்தான். இரண்டே செய்தி. ஒன்று, கடல் சீராக இருக்கிறது. இன்னொன்று, காற்று கூடுதலாக இருக்கிறது, கடலுக்குப் போவதைத் தவிர்க்கவும். இதில் முதல் செய்தி போய் எவ்வளவு நாள் ஆயிற்று? ஆனி பிறந்ததிலிருந்து போகவில்லை. கச்சான் காலம், மேல்காற்று இருக்கத்தான் செய்யும். முன்னே வரம்பு மேலே இருந்தது, நல்ல காற்றென்றால்தான் எச்சரிக்கை போகும். போன வருஷம் ஒரு நாள் சீராக இருக்கிறது என்று போன் போய், அன்றைக்குப் பார்த்து ஒருத்தன் வலை அறுந்து, அவன் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கத்து கத்தென்று கத்தினான். நீங்க நல்லாருக்குன்னு சொன்னதாலதானய்யா போனேன். அன்றைக்கே தொம்மை அண்ணன், வரம்பக் கொறம்மா, லேசாக் காத்துன்னாலும் போவாதன்னு சொல்லிரு, நம்ம தலைல பழி வரப்படாது பாத்துக்க, என்றார். குறைத்தது இவள் கைதான். அதனால் ஆனி முழுக்க, ஆடி முழுக்க, தினமும் போகாதே. போகாமல் எப்படி? அடுப்பு எரிய வேண்டாமா? எல்லோரும் போனார்கள், எல்லோரும் வந்தார்கள், கடலுக்குப் போகாதே என்று அவள் குரல் பாட்டுக்குத் தினமும் போய்க்கொண்டிருந்தது. சந்தையில் பிள்ளைகள் அவள் பின்னாலேயே வந்து, வணக்கம், நான் பவுலின் பேசுறேன், கடலுக்குப் போவதைத் தவிர்க்கவும் என்று அவள் மாதிரியே இழுத்துப் பேசிச் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். இன்றைக்கு அந்த விவரத்தில் அவர்கள் கரைக்கு நேரே காற்று வேகம் எழுபது கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அவள் இன்னொரு தரம் பார்த்தாள். தினமும் நாற்பதும் நாற்பத்தைந்துமாக வருகிற இடத்தில் எழுபது, சாயங்காலத்துக்கு மேல், கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். எதிரே ஜன்னலில் வேப்பமரம் ஓர் இலை அசையாமல் நின்றது. அதுதான் மோசம். கரையில் நிற்கிறவனுக்கு இப்போது ஒன்றுமே தெரியாது.

சோற்றுக் கையை உதறிவிட்டு இயக்கு என்பதை அழுத்தினாள். பெட்டி மறைந்தது. மூலைக் கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு வேலையைத் தொடங்கியது, விளக்குகள் மினுங்கின, போய்விடும், ஒவ்வொருத்தருக்காகப் போய்விடும், இன்னும் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். கை கழுவ எழுந்தாள். அப்போதுதான் பக்கத்து அறையில் தொம்மை அண்ணனின் போன் அடித்தது. அவர் பேரும் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது, செயலாளர் அல்லவா. இவள் குரல் தட்டிக்கு அப்பாலிருந்து இவளுக்கே கேட்டது, வணக்கம், நான் பவு. அவ்வளவுதான். டக்கென்று அணைந்துவிட்டது. அவள் ஈரக் கையோடு தட்டி ஓரத்தில் போய் நின்றாள். அண்ணே, நம்ம கால்தானண்ணே அது? ஆமாம்மா. கேக்கலியா? அவர் பல்குத்தியை வாயிலிருந்து எடுத்தார். கேக்குறதுக்கு என்னம்மா இருக்கு, தெனமும் வாரதுதான, காத்துன்னு சொல்லுவ. இன்னைக்கு எழுபதுண்ணே. என்ன எழுபது? காத்துண்ணே, எழுபது போட்டிருக்கு. அவர் முகம் கொஞ்சம் மாறியது. அதான் சொல்லியாச்சுல்லா, மெசேஜ் போயிட்டுல்லா, என்றார். போயிட்டு. எல்லோருக்கும் போகிறது. எல்லோரும் இப்படித்தான், பவு என்கிற இடத்தில். கரை முழுக்க ஒவ்வொரு இடுப்பிலும் மணியடிக்க அடிக்க, ஒவ்வொரு கட்டைவிரலும் போய் அணைக்கிறது, விரலுக்கு என்ன தெரியும். எத்தனை மாதமாக? பத்திரமாக இருக்க வேண்டும் என்று குறைத்தோமே, குறைத்துக் குறைத்துக் கடைசியில் இதற்குச் சும்மா இருந்திருக்கலாமே. எவ்வளவு பேசினோம், ஒருத்தன் காதிலும் விழவில்லை. சந்தியாகு காதிலும் விழவில்லை, அவர்தான் முதலில் அணைத்திருப்பார். அந்த அற்ப சந்தோஷமும் அதோடு போயிற்று. திரையில் காலையில் அடித்த வரி இப்போது முழுசாகத் தெரிந்தது, எது வந்தாலும் பார்க்காதே. அவள் அதை எழுத்து எழுத்தாக அழித்தாள். என்னம்மா செய்யுத, என்று தொம்மை அண்ணன் அங்கிருந்தே கேட்டார். நாளைக்குச் சுத்து வழியில செஞ்சுக்கிடுதேண்ணே, என்றாள், ஆனால் நினைப்பு அதில் இல்லை.

அவளுடைய போன் மீன் கழுவுகிற வாளியில் விழுந்து ரிப்பேர் கடையில் கிடக்கிறது. ஆபீஸ் போனைத்தான் எடுத்துச் சந்தியாகுவுக்கு அடித்தாள். புரோகிராம் அடித்தாலும் இவள் அடித்தாலும் வெளியே தெரிகிறது ஒரே நம்பர்தான், அது அடிக்கிறபோதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் அணைத்துவிட்டார். பேசாத கோபமா, பழக்கமா? பழக்கம்தான், கோபமாக இருந்தால்கூடத் தேவலை. அருளப்பன் நம்பர் என்ன? அவள் போனுக்குள் இருக்கிறது, பட்டியலில் தேடி எடுக்க நேரமில்லை, தலைக்குள்ளும் இல்லை. தலைக்குள் இருப்பது இந்த ஒரு நம்பர்தான். மறுபடி அடித்தாள். இந்தத் தடவை எடுத்தார். ஆட்கள் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், அலை. ஐயோ எடுத்துவிட்டாரே என்கிற அவசரத்தில் அவள் வாயைத் திறந்தாள், வாயிலிருந்து என்ன வந்தது? நான் பவுலின் பேசுறேன், என்று வந்தது. அத்தனை நாளாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கே அதுதான் வருகிறது. அந்தப் பக்கம் அவர் போனை விலக்கி யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது. ஒண்ணுமில்லடே, மிஷினு. அணைந்தது. அவள் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை, அதற்கு முந்தி வருகிற ஒரு வறட்சிதான் வந்தது. மிஷினு. கட்டிக்கிட்டு வந்த நாளிலிருந்து கேட்கிற குரல், மிஷினு. அவர் மேல் என்ன தப்பு. அவளே மிஷினாகத்தானே பேசினாள். கத்த வேண்டும், கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும், என்ன சொன்னால் நம்புவார்? அவர் கேட்பதற்குள்ளே விரல் போய்விடுமே. மூன்றாவது தடவை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார். வள்ளத்தைத் தள்ள ஆரம்பித்திருப்பார்கள். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி முடிந்திருப்பார். வியாகுல மாதாவே, எடுக்கட்டும். எடுத்தார். என்ன எளவு இன்னைக்கு ஓயாம அடிக்குது, என்று அலுத்துக்கொண்டேதான் எடுத்தார். அவள் நாக்கு நுனியில் வணக்கம் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பேசவில்லை.

அலோ, என்றார். அவள் பேசவில்லை. மூச்சு மட்டும் ரிசீவரில் பட்டுத் திரும்பி அவள் கன்னத்தில் சுட்டது. அலோ, யாரு? பின்னால் ஆட்கள் சத்தம் தூரமாகப் போனது, நடந்து தள்ளி வருகிறார் போலிருக்கிறது. அலோ. ஏட்டி, என்றார் மெதுவாக. பவுலினு? நீயா? எத்தனை நாளாயிற்று அவர் வாயில் அந்தப் பேர் வந்து. அவள் சரிந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னட்டி, பேசு, பிள்ளைக்கு எதும் சொகமில்லையா? இல்ல, அவ நல்லாருக்கா. பின்ன என்ன? போவாதீய, என்றாள். அவர் பெருமூச்சு விட்டார். தெனமும்தான் சொல்லுத. அது மிஷினு சொல்லுது, இது நான் சொல்லுதேன், எழுபது போட்டிருக்கு, பொழுது சாயவும் அடிக்கும், கரையில ஒண்ணும் தெரியாது, என் கண்ணால பாத்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார். எனக்கு வயசாயிட்டுன்னு சொல்லுதியோ? ஐயோ, அதில்ல, ஒருத்தரும் போவக்கூடாது, உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாரும்தான், நான் அன்னைக்குச் சொன்னது தப்புதான், பயத்துல சொல்லிட்டேன், எல்லாத்தையும் வந்து பேசிக்கிடுங்க, இப்ப போவாதீய. சொல்லிவிட்டு அவள் அழுதாள், சத்தமாக, தொம்மை அண்ணன் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தார். சரி சரி, அழாத, என்றார் சந்தியாகு. போனை விலக்கி அவர் கத்தியது கேட்டது, லேய், எஞ்சின எறக்குங்க, யாரும் போவண்டாம், எல்லாத்தையும் மேல ஏத்துங்க. யாரோ என்னமோ கேட்டான். எம் பொஞ்சாதி சொல்லுதா, என்றார். இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போய் ரசம் வைக்க வேண்டும், நிறைய மிளகு தட்டிப்போட்டு, என்று சம்பந்தமில்லாமல் நினைத்தாள்.

பவுலினு, என்று மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. என்னங்க. அருளப்பன் வள்ளம் இப்பந்தாம் போயிட்டுட்டி. அவள் எழுந்து நின்றாள். கண்ணுக்குத் தெரியுது, இன்னும் தூரம் போவல, போனடிச்சா எடுக்க மாட்டங்கான். அவனுக்கும் மிஷினுன்னுதான் நெனப்பு, இனிமே சிக்னலும் கெடைக்காது. அவர் நிறுத்தினார். மணலில் கால் மாற்றி நிற்கிற சத்தம்கூடக் கேட்டது போல இருந்தது. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் கடலுக்கு இறங்குகிறபோது அவர் அவளைக் கேட்டதில்லை. யாரும் கேட்பதில்லை, கரையில் அது வழக்கமில்லை. நான் போயித் திருப்பிக் கூட்டிட்டு வந்துருதேன், பொழுது சாயதுக்குள்ள வந்துரலாம், என்றார். அப்புறம் கேட்டார், போவட்டா? அவள் ஜன்னலைப் பார்த்தாள், வேப்பமரத்தைப் பார்த்தாள். போவாதீய என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுப் போதும். அருளப்பன் கரையில் நின்று சிரித்த முகம் வந்தது, அவன் வள்ளத்தில் கூலிக்குப் போகிற இரண்டு பேர் முகமும் வந்தது. அவர் மட்டும் அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். போயிட்டு வாங்க, என்றாள்.